கொண்டை ஊசியில் வால் வீசுவது எப்படி?

சத்தியிலிருந்து தாளவாடிக்கு வேன் ஓட்டுகிறவன் நான். நடுவில் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே ஹாரன் அடித்து, ஏறி வரும் லாரிக்கு வழி விட்டு, ஊர்ந்துதான் திரும்ப வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் கேம் ஆடும்போது மட்டும் அதே மாதிரி வளைவைப் பின்சக்கரம் வழுக்க வழுக்க எடுப்பேன். "அதெப்படிங் மாமா, எனக்கு மட்டும் வண்டி சுத்திக்குது?" என்று அக்கா பையன் விடாமல் கேட்பதால் இதை எழுதுகிறேன்.

எல்லா வளைவிலும் டிரிஃப்ட், அதாவது வண்டியின் வாலை வழுக்கவிட்டுத் திரும்புவது, அடிக்காதீர்கள். நீளமான வளைவை டயர் பிடிப்போடு எடுப்பதுதான் வேகம். வழுக்கினால் பார்க்க அழகு, ஆனால் பின்னால் வருகிறவன் முந்திவிடுவான். கொண்டை ஊசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பின்சக்கர இழுவையாக இருக்கட்டும். முன்சக்கர இழுவையிலும் ஹேண்ட் பிரேக் போட்டால் வால் வீசும்; ஆனால் ஆக்சிலேட்டர் கொடுத்ததும் முன்சக்கரம் இழுத்து நேராக்கிவிடும். ஃபோர்ஸா ஹொரைசன் ஆடுகிறவர்கள் செட்டிங்கில் டிராக்‌ஷன் கன்ட்ரோல், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை வண்டி வழுக்கப் பார்க்கும், கேம் தடுக்கும்.

இப்போது வளைவுக்கு வருவோம். சாலை நேராக இருக்கும்போதே பிரேக் போடுங்கள். பிரேக் போட்டால் பாரம் முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகும். அந்த நேரத்தில் உள்பக்கம் திருப்பி, ஹேண்ட் பிரேக்கை ஒரு தட்டு தட்டினால் போதும். அக்கா பையன் ஹேண்ட் பிரேக்குக்கான ஸ்பேஸ் பாரைப் பிடித்துக்கொண்டே இருப்பான். வேகம் செத்து, வண்டி பம்பரமாய்ச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நிற்கும்.

வால் வெளியே போனதும்தான் உண்மையான வேலை. இடது வளைவு என்றால் உடனே வலது பக்கம் திருப்ப வேண்டும். இதைத் தாமதித்தால் வண்டி சுற்றிவிடும். கீபோர்டில் பாதித் திருப்பம் என்று ஒன்று கிடையாது. அமுக்கினால் முழுசாகத் திரும்பும். அதனால் டக் டக்கென்று தட்டித் தட்டித்தான் பிடிக்க வேண்டும். ஆக்சிலேட்டரும் அப்படியே. வால் அதிகமாகப் போனால் கொஞ்சம் குறையுங்கள், உள்ளே வந்தால் கூட்டுங்கள். பயந்துபோய் ஒரேயடியாக விட்டால் பின்டயர் சட்டென்று பிடித்துக்கொண்டு, முன்சக்கரம் பார்க்கும் பக்கம் வண்டியைத் தூக்கி எறியும். சுவரில் மோதுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வண்டி நேராகி முடிவதற்குக் கொஞ்சம் முன்பே ஸ்டியரிங்கை நேராக்கிவிடுங்கள்.

ஆட்டோ கியரில் சில கேம்கள் வழுக்கலுக்கு நடுவே கியரை ஏற்றிவிடும், இழுவை போய்விடும். முடிந்தால் மேனுவல் போட்டு, இரண்டாவது கியரிலேயே வளைவை முடியுங்கள்.

கேமுக்குக் கேம் கொஞ்சம் மாறும். 2005இல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வாண்டடில் ஹேண்ட் பிரேக்தான் வழி. அதே வரிசையில் அடுத்த வருடம் வந்த கார்பனில் டிரிஃப்ட் போட்டிக்கென்றே வண்டி தனியாக வழுக்கும், ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே போதும். அதே கேமின் மலைப் பந்தயத்தில் தடுப்பை உடைத்தால் பள்ளம்தான், அங்கே வால் வீசும் வேலையே வேண்டாம். 2019இன் ஹீட்டில் ஹேண்ட் பிரேக்கே தேவையில்லை: திருப்பிக்கொண்டே ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி அமுக்கினால் வண்டி வழுக்கத் தொடங்கும். பிடிக்காவிட்டால் லைவ் டியூனிங் என்ற செட்டிங்கில் பிரேக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு ஆக்சிலேட்டர் முறைதான் பிடிக்கும்.

நிஜ வண்டியில் ஆசை வந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது. திம்பம் பக்கம் வந்துவிடாதீர்கள், எதிரே நான் வருவேன்.

அப்புறம், எல்லாம் சரியாகச் செய்தும் ஹேண்ட் பிரேக் விழவில்லையா? கீபோர்டைப் பாருங்கள். விலை குறைந்த கீபோர்டுகள் பலவற்றில் மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் மூன்றாவது பதிவாகாது. செட்டிங்கில் ஹேண்ட் பிரேக்கைக் கன்ட்ரோல் கீக்கு மாற்றுங்கள். ஷிஃப்ட் வேண்டாம்; ஐந்து தடவை தட்டினால் விண்டோஸ் நடுப் பந்தயத்தில் ஒரு பெட்டியைத் திறந்து கேள்வி கேட்கும்.