டெயில் லைட் பல்பு: எந்தப் பல்பு என்று பார்த்து வாங்குவது எப்படி?

காரின் பின்பக்க விளக்குக்கு என்று விற்கும் பல்புகளை வரிசையாக வைத்தால் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கும். அதே உருண்டைக் கண்ணாடி, அதே பித்தளை அடி. வித்தியாசம் எல்லாம் அந்த அடிப்பகுதியில்தான். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் மாட்டுவது சுலபம்.

1. போனது பல்புதானா?

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் பல்புதான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போயிருந்தால் முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பிரேக் விளக்குகள் மட்டும் மொத்தமாக வரவில்லை என்றால், பிரேக் பெடலை ஒட்டி இருக்கும் சுவிட்சையும் சந்தேகப்படலாம். பிரேக் மிதித்தால் சம்பந்தமில்லாத வேறு விளக்கு மங்கலாக எரிகிறதா? எர்த் (மின்சாரம் காரின் உடல் வழியே திரும்பும் இணைப்பு) சரியில்லை, அல்லது யாரோ தவறான பல்பை மாட்டியிருக்கிறார்கள். இந்த இரண்டாவது விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

2. பழைய பல்பைக் கழற்றுங்கள்

விளக்கை அணைத்துச் சூடு ஆறட்டும். ஹோல்டரை இடப்பக்கமாகத் திருகினால் வெளியே வரும். பித்தளை அடி உள்ள பல்பை உள்ளே அழுத்தி, லேசாக இடப்பக்கம் திருப்பி எடுக்க வேண்டும். அடியும் கண்ணாடியாகவே தட்டையாக இருந்தால் நேராக இழுத்தால் போதும்.

3. எண்ணைப் படியுங்கள்

அடிப்பகுதியில் 12 வோல்ட் என்பதோடு ஒரு எண்ணும் பொறித்திருக்கும். அடிக்கடி கண்ணில் படுபவை இவை:

- பி21டபிள்யூ: ஒரே இழை (உள்ளே சூடாகி ஒளிரும் மெல்லிய கம்பி), 21 வாட். தனி பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு.
- பி21/5டபிள்யூ: இரண்டு இழைகள். 5 வாட் டெயில் லைட்டுக்கு, 21 வாட் பிரேக்குக்கு.
- பிஒய்21டபிள்யூ: ஆரஞ்சு நிறம், இண்டிகேட்டருக்கு.
- டபிள்யூ21/5டபிள்யூ: இதுவும் இரண்டு இழைதான், ஆனால் பித்தளை இல்லாத தட்டைக் கண்ணாடி அடி.

சில பெட்டிகளில் 1156, 1157, 7440, 7443 என்ற அமெரிக்க எண்கள் இருக்கும். 1157 பல்பு பி21/5டபிள்யூ ஹோல்டரில் உட்காரும். வாட் மட்டும் கொஞ்சம் வேறு. எனக்கு அந்த மாற்று ஏற்பாட்டில் விருப்பமில்லை. கார் கையேட்டில் என்ன எண் இருக்கிறதோ அதையே வாங்குவேன்.

4. முளைகளைப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இதுதான். பித்தளை அடியின் இரு பக்கமும் சின்ன முளைகள் இருக்கும். பி21டபிள்யூவில் இரண்டும் ஒரே உயரத்தில், நேர் எதிரெதிரே. பி21/5டபிள்யூவில் ஒன்று மேலே, ஒன்று கீழே. பிஒய்21டபிள்யூவில் உயரம் ஒன்றுதான், ஆனால் நேர் எதிரே இருக்காமல் கொஞ்சம் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கும். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போய்விடக் கூடாது என்பதற்காகவே இப்படி.

ஆனாலும் தேய்ந்த ஹோல்டரில் பலம் கொடுத்துத் திருகினால் போய்விடும். நான் வாங்கிய பழைய காரில் முன்பு யாரோ அப்படித்தான் செய்திருந்தார்கள். பகலில் பிரேக் மிதித்தால் டாஷ்போர்டு மீட்டர் விளக்கு எரியும்! வயரிங் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. இரண்டு இழைப் பல்பின் அடியில் இரண்டு ஈயப் பொட்டுகள். ஹோல்டரிலும் இரண்டு தொடுமுனைகள். அந்த இடத்தில் ஒற்றை இழைப் பல்பை வைத்தால், அதன் ஒரே பெரிய பொட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டுவிடும். பிரேக்குக்கு வரும் மின்சாரம் பார்க்கிங் விளக்கு (அதாவது டெயில் லைட்) வயரிலும் பாய்கிறது. மீட்டர் விளக்கு அந்த வயரோடு சேர்ந்ததுதான்.

ஆகவே பழைய பல்பின் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். ஹோல்டருக்குள் டார்ச் அடித்துத் தொடுமுனைகளை எண்ணுங்கள். பித்தளை அடிப் பல்பின் ஹோல்டரில் இரண்டு இருந்தால் இரண்டு இழைப் பல்பு. அப்புறம் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

5. எல்இடி போடலாமா?

கேட்பார்கள் என்று தெரியும். இழைப் பல்புக்கென்று செய்த விளக்கில் நான் போடமாட்டேன். உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான், இழை இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்தது. எல்இடியின் ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்புகிறது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் சிறு பங்குதான் இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று சில கார்கள் எச்சரிக்கும். இண்டிகேட்டர் என்றால் படபடவென்று வேகமாக அடிக்கும். இதைச் சரிசெய்ய, கூடுதல் மின்சாரம் இழுக்கும் ரெசிஸ்டர் விற்கிறார்கள். அது கொதிக்கிற அளவு சூடாகும், பிளாஸ்டிக் அருகே வைத்தால் உருக்கிவிடும். தவிர, இப்படி மாற்றுவதைப் பல நாடுகளில் சட்டமும் ஏற்பதில்லை.

6. மாட்டும்போது

ஹோல்டரில் பச்சை படிந்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடியுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பது எனக்குப் பிடிக்காது, பூச்சு போய்விடும். ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்தால் நல்லது: இரண்டு இழைப் பல்பில் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, மீட்டர் காட்டிக்கொடுக்கும். மூடுவதற்கு முன் பார்க்கிங், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

பிறகு சேர்த்தது: புதுப் பல்பும் சீக்கிரமே போகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். விளக்குக்குள் நீர்த்துளி நிற்கிறதா, ஹோல்டர் பழுப்பாக உருகியிருக்கிறதா என்று பாருங்கள். உருகியிருந்தால் ஹோல்டரையே மாற்ற வேண்டும்.

இன்னொன்று: "சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஏற்கெனவே வெள்ளை எல்இடி இருக்கிறது, மங்கலாகத் தெரிகிறது" என்று ஒருவர் கேட்டார். சிவப்புக் கண்ணாடி சிவப்பு ஒளியை மட்டுமே வெளியே விடும். வெள்ளை எல்இடியில் அந்தப் பங்கு குறைவு. இழைப் பல்பில் அது தாராளம். கையேட்டில் உள்ள இழைப் பல்புக்கே திரும்பிவிடுங்கள்.