துப்பாக்கிக் கட்டையில் வெள்ளித் தகடு பதித்தல்

குழாயையும் விசைப் பகுதியையும் உரிமக்காரரிடமே விட்டுவிடுங்கள். பட்டறைக்குக் கட்டை மட்டும் போதும். எண்ணெய் பூசுமுன் இந்த வேலை முடிய வேண்டும்.

கொழும்பு செட்டியார் தெருவில் 1 மி.மீ. வெள்ளித் தகடு வாங்குங்கள், பித்தளையும் நன்று. இதைவிட மெல்லிய தகடு, கடைசியில் அராவும்போது வளைவின் உச்சியில் தேய்ந்து ஓட்டையாகிவிடும்.

வடிவத்தைக் கடதாசியில் வெட்டி ஒட்டி, கை நீட்டும் தூரத்தில் வைத்து இரண்டு நாளாவது பாருங்கள். கைப்பிடியின் மேற்புறம் வரும் தகட்டுக்கு, கட்டையில் குழாய் அமரும் பள்ளத்தின் நடுக்கோட்டை ஒரு நூலால் பின்னோக்கி நீட்டிக் குறியுங்கள். வளைவில் அடிமட்டத்தை நம்ப வேண்டாம். குழாயை ஒட்டிய மெல்லிய ஓரங்களில் பதிக்கவே கூடாது, பிளந்துவிடும். நீளத் தகட்டை மரநாருக்குக் குறுக்காகவும் வைக்காதீர்கள்: கொழும்பின் மழைக்காலத்தில் மரம் ஊதும், உலோகம் ஊதாது, முனை கிளம்பும்.

தகட்டை மங்கிய சிவப்பாகும்வரை சூடாக்கி ஆறவிட்டு, கட்டையின் வளைவுக்கே வளைத்துக்கொள்ளுங்கள். குழி வெட்டிய பிறகு வளைத்தால் ஓரம் பொருந்தாது. அடுத்து, அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிடச் சற்றே சிறிதாகும்படி ஓரத்தை உள்நோக்கிச் சரிவாக அராவுங்கள். ஆப்பு போல இறுகுவது இந்தச் சரிவால்தான்; பொறுமை முழுவதையும் இங்கே செலவிடலாம்.

ஒரு துளிப் பசையால் தற்காலிகமாக ஒட்டி, கூரிய கத்தியால் சுற்றிக் கீறுங்கள். கோட்டுக்கு உள்ளேயே உளி வையுங்கள். ஆழம் 0.8 மி.மீ. தகட்டின் அடியை விளக்குச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டு, குழியில் அமுக்கி எடுங்கள். மரத்தில் கறுப்பு ஒட்டிய மேடுகளை மட்டும் சீவுங்கள். இருபது தடவை போட்டு எடுக்க வேண்டிவரும். அவசரப்பட்டுக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கினால் ஓரமரம் நசுங்கும், அந்த இடைவெளியை எந்தப் பசையும் மறைக்காது.

கட்டை தேக்கு என்றால், அதில் எண்ணெய்ப்பசை உண்டு. கரியோடு அதையும் அசிற்றோனால் துடைத்து, தகட்டின் அடியைச் சுரண்டி, அரல்டைட் (எப்பொக்சிப் பசை) தடவுங்கள். 1.2 மி.மீ. வெள்ளிக் கம்பியில் (பித்தளைத் தகடென்றால் பித்தளைக் கம்பியில்) ஆணி செய்து, மரத்தில் 1 மி.மீ. துளையிட்டு இறக்குங்கள். தகட்டில் ஆணி போகும் துளையின் வாயை முன்கூட்டியே அகலித்துவைத்து, ஆணித்தலையை அதில் நிரம்பத் தட்டிவிட்டால் அராவியபின் ஆணி தெரியாது.

அராவுமுன் சுற்றியுள்ள மரத்தில் அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுங்கள்; இல்லாவிட்டால் உலோகத்தூள் மரத்துளைகளில் புகுந்து சாம்பல் நிறமாகும். உப்புத்தாளை விரலால் தேய்த்தால் மரம் முதலில் தேய்ந்து தகடு மேடாக நிற்கும். சிறிய மரத்துண்டு ஒன்றில் சுற்றித் தேயுங்கள்.