இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு ராத்திரியை ஓட்டுவது எப்படி

அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து பாளையங்கோட்டை வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாம் நாள், ராத்திரி 2 மணிக்கு எழுப்பி, "ஏட்டி, பாயை எடுத்துக் கீழ விரி, எனக்குக் கட்டில்ல தூக்கம் வரமாட்டேங்கு" என்றார்கள். காலமெல்லாம் தரையில் பாய் விரித்துப் படுத்த உடம்பு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் தரையில் படுப்பது, சம்மணம் போடுவது, குத்தவைப்பது, கீழே உட்காரும் கக்கூஸ் இது எதுவும் இப்போது ஆகாது. தொடை ரொம்ப மடங்கினால் புது மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடும், சுற்றியுள்ள தசை ஆறும் வரை அந்தப் பயம் உண்டு.

எந்தப் பக்கமாகத் திறந்து செய்தார்கள் என்று டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கமாக என்றால், இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது. முன்பக்கமாகச் செய்திருந்தால் விதி வேறு. அத்தைக்குப் பின்பக்கம்தான், கீழே சொல்வதும் அதை வைத்துத்தான்.

கட்டிலில் இருந்து ஆரம்பியுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படிய வேண்டும், முட்டி இடுப்பை விடக் கீழே இருக்க வேண்டும். எங்கள் கட்டில் தாழ்வு, ஆசாரியைக் கூப்பிட்டு நாலு காலுக்கும் குழி வெட்டிய மரக்கட்டை வைத்தோம், வெறும் செங்கல் வைத்தால் ஆடும். தொய்ந்த கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம்.

மல்லாந்து படுத்து இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை, இதுதான் முதல் சில வாரம். மெத்மெத்தென்ற தலையணை நடுராத்திரியில் நசுங்கி ஓரமாகப் போய்விடுகிறது, நாங்கள் கெட்டியாக அடைத்த இலவம்பஞ்சுத் தலையணைக்கு மாறினோம். முதுகு வேர்க்கிறது என்று புலம்பினதால் மெத்தை மேலேயே பத்தமடைப் பாயை விரித்தோம், பாதிச் சண்டை அதோடு முடிந்தது. ஒருக்களிப்பதை டாக்டர் சொன்ன பிறகு, ஆபரேஷன் ஆகாத பக்கமாக ஆரம்பியுங்கள், அப்போதும் முட்டியிலிருந்து கணுக்கால் வரை தலையணை இருக்க வேண்டும்.

யாரும் சொல்லாத ஒன்று, போர்வை. குற்றாலத்தில் சாரல் என்றால் இங்கேயும் விடியக்காலையில் குளிர் தட்டும், கால்மாட்டில் கிடக்கிற போர்வையை எட்டி இழுக்க எழுந்து குனிவார்கள், 90 டிகிரி விதி அங்கேதான் போகும். அதனால் போர்வை, தண்ணீர், டார்ச் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வாக்கரும் கட்டிலை ஒட்டியே நிற்கட்டும், கரண்ட் போனாலும் எரிகிற சின்ன விளக்கு ஒன்று வேண்டும், மிதியடியைச் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் நான் செய்த தப்பு, சாப்பாட்டோடு சாயங்காலம் 7 மணிக்கே வலி மாத்திரையைக் கொடுத்தது. பாராசிட்டமால் வேகம் நாலு முதல் ஆறு மணி நேரம்தான், கணக்குப் பார்த்தால் நடுராத்திரிக்கு வலி எழுப்பிவிடுகிறது. டாக்டரிடம் கேட்டு, இடைவெளியை மாற்றாமல் கடைசி வேளையைப் படுக்கப்போகும் நேரத்துக்கு நகர்த்தினோம். மெடிக்கலில் வேறு வலி மாத்திரை கேட்டு வாங்கிச் சேர்க்காதீர்கள், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆகலாம். டிரமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்கினால் வலிக்கும், தண்ணீரும் கீரையும் வாழைப்பழமும் தவறக் கூடாது. தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிட்டால் ராத்திரி எழுவது குறையும்.

வீக்கத்துக்கு ஐஸை துண்டில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்தால் போதும், தோலில் நேராக வேண்டாம். பகலில் மணிக்கொரு தடவை கொஞ்சம் நடப்பதும், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவதும் ராத்திரித் தூக்கத்துக்கு உதவும். பார்க்க வருகிறவர்கள்தான் தொல்லை. மத்தியானம் வந்து எழுப்புவார்கள், போன பிறகு அத்தை 4 மணி வரை தூங்கிவிட்டு ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் வாருங்கள் என்று சொல்லிவிட்டோம், இரண்டு பேருக்குக் கோபம். இன்னொருவர் தைலம் போட்டுக் கெண்டைக்கால் நீவி விடுகிறேன் என்றார், விடவில்லை. அங்கே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தால் நீவுவது ஆபத்து.

கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், தையலில் நீர் கசிவது, சடக்கென்று வலி எடுத்துக் கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். மூச்சு திணறினால் நேராக 108.