உப்புத் தண்ணி டேங்க்ல ஒயிட் ஸ்பாட் வந்துடுச்சா? மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

மீன் மேல வெள்ளையா நாலு புள்ளி தெரிஞ்சதும் எல்லாரும் செய்யற முதல் வேலை கடைக்கு போன் போட்டு "அண்ணே, என்ன மருந்து ஊத்தணும்"னு கேக்கறதுதான். அவரும் ஏதோ ஒரு பாட்டில் குடுப்பாரு, ஊத்துவீங்க, நாலு நாள்ல புள்ளி போயிடும், அப்பாடான்னு விட்டுடுவீங்க, ரெண்டு மூணு வாரம் கழிச்சு முன்ன வந்ததைவிட பத்து மடங்கா வந்து நிக்கும். அந்த பாட்டில்ல வெறும் தண்ணி இருந்திருந்தாலும் புள்ளி அதே நாலு நாள்ல போயிருக்கும், ஏன்னா அந்த ஒட்டுண்ணி சாப்ட்டு முடிச்சு தானா மீனை விட்டு இறங்கற நேரம் அது.

இந்த போஸ்ட் முழுக்க அந்த கணக்குதான். ஒட்டுண்ணியோட டைம் டேபிள் தெரிஞ்சா மருந்தே இல்லாம மீனைக் காப்பாத்தலாம், ரெண்டு ப்ளாஸ்டிக் டப்பாவும், அப்புறம் மீனைத் தங்க வைக்க ஒரு தனி டேங்க்கும் இருந்தா போதும்.

ஸ்டெப் 1: வந்திருக்கறது என்னன்னு பாருங்க

டார்ச் அடிச்சு பக்கத்துல பாருங்க. உப்புக்கல் ஒட்டின மாதிரி தனித்தனியா எண்ணக்கூடிய புள்ளி, மீன் நல்லா சாப்பிடுது, அப்பப்போ பாறையில உரசுதுன்னா பெரும்பாலும் மரைன் இக், அதாவது க்ரிப்டோகேரியான். டேங் (tang) வகை மீன்களுக்கு, அதுலயும் பவுடர் ப்ளூ டேங்குக்கு, இது ரொம்ப சீக்கிரம் வரும்.

புள்ளி எண்ணவே முடியாத அளவுக்கு பொடியா, பவுடர் தூவின மாதிரி இருக்கு, மீன் வேகமா மூச்சு வாங்குது, சாப்பிடல, பவர்ஹெட் (தண்ணிய ஓட வைக்கற பம்ப்) ஓட்டத்துல மூஞ்சிய காமிச்சுக்கிட்டே நிக்குதுன்னா அது வெல்வெட், பேரு அமிலோடினியம். இது முதல்ல செவுளைத்தான் புடிக்கும், அதனால உடம்புல ஒண்ணுமே தெரியாமலே ரெண்டு மூணு நாள்ல டேங்க்கே காலியாயிடும். வெல்வெட்னு சந்தேகம் வந்தா கடைசி ஸ்டெப்புக்கு நேரா போயிடுங்க, இங்க சொல்ற டப்பா வைத்தியம் அதுக்கு ஒத்து வராது.

க்ளவுன் மீன் மேல தோல் உரியற மாதிரி கொழகொழன்னு வெள்ளையா வந்தா அது ப்ரூக்ளினெல்லா, அதுக்கு காப்பர் (தாமிர மருந்து) வேலை செய்யாது, ஃபார்மலின்தான். ஃபார்மலின் நமக்கே விஷம், புதுசா ஆரம்பிச்சவங்க அனுபவமுள்ள ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு கையில க்ளவுஸ் போட்டு ஜன்னலைத் திறந்து வச்சு செய்யுங்க. துடுப்பு ஓரத்துல காலிஃப்ளவர் மாதிரி கட்டியா ஒண்ணு ரெண்டு இருந்தா அது வைரஸ், நல்லா சாப்பாடு போட்டு விடுங்க, தானா போகும்.

ஸ்டெப் 2: அந்த டைம் டேபிள்

இக் மீன் மேல 3ல இருந்து 7 நாள் வரைக்கும் தோலுக்கு அடியில உக்காந்து சாப்பிடும். நாம பாக்கற புள்ளி அதுதான். தோலுக்கு அடியில இருக்கறதால இந்த நேரத்துல மருந்து அதைத் தொடவே தொடாது. அப்புறம் பெரும்பாலும் இருட்டுல இறங்கி, மண்ணு, பாறை, கண்ணாடி, ஃபில்டர் ஸ்பாஞ்ச்னு எங்கயாவது ஒட்டிக்கிட்டு கூடு கட்டிக்கும். அந்த கூடுதான் பெரிய தலைவலி, காப்பர் போட்டாலும் சாகாது. அதுக்குள்ள பிரிஞ்சு பிரிஞ்சு நூத்துக்கணக்குல குட்டிங்க உருவாகும், சில கூடு 3 நாள்லயே திறக்கும், சிலது வாரக்கணக்குல தூங்கும், அதிகபட்சமா 72 நாள் வரைக்கும் இழுத்ததா ஆராய்ச்சியில பதிவாகியிருக்கு. வெளிய வந்த குட்டிக்கு ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள மீன் கிடைக்கலன்னா செத்துடும்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் புரியுதா? கூடு திறக்கறதுக்குள்ள, அதாவது 3 நாள் முடியறதுக்குள்ள மீனை வேற டப்பாவுக்கு மாத்திட்டே இருந்தா குட்டிங்க மீனைப் புடிக்கவே முடியாது. அதே மாதிரி மெயின் டேங்க்ல 76 நாள் (அந்த 72ம், குட்டி சாகற நாளும், கொஞ்சம் கூடுதலும்) ஒரு மீன்கூட இல்லன்னா எல்லா கூடும் திறந்து, சோறு கிடைக்காம குட்டிங்க செத்து, டேங்க் சுத்தமாயிடும்.

ஸ்டெப் 3: செய்யக்கூடாதது

பூண்டு சாறு, க்ளீனர் ஷ்ரிம்ப், ரீஃப் சேஃப்னு எழுதின பாட்டில் எதுவுமே இதை ஒழிக்காது. யூவி லைட் எண்ணிக்கையக் குறைக்கும், அவ்வளவுதான். நல்ல தண்ணி டேங்க்ல கல்லுப்பு போட்டு சூட்டை ஏத்தி சரி பண்ணவங்க இங்கயும் ஹீட்டரை ஏத்திடறாங்க, அது வேற உயிரி, இதுக்கு நம்ம ஊரு சூடு பழகின சூடுதான், தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சு மூச்சு வாங்கற மீன் இன்னும் திணறும். மெயின் டேங்க்ல காப்பர் மட்டும் ஊத்தவே ஊத்தாதீங்க. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துடும், லைவ் ராக்கும் (பாக்டீரியா வாழற கடல் பாறை) மண்ணும் காப்பரை உறிஞ்சிக்கும், அப்புறம் அந்த டேங்க்ல எதையும் நம்பி விட முடியாது.

ஸ்டெப் 4: டப்பா ரெடி பண்ணுங்க

40 லிட்டர் ஸ்டோரேஜ் டப்பா ரெண்டு, மூடியோட. மீன் குதிக்கும், மூடி கண்டிப்பா வேணும், காத்துக்கு ஓட்டை போட்டுக்கங்க. ஏர் ஸ்டோன், ட்யூப், தெர்மாமீட்டர், ஒளிஞ்சுக்க பிவிசி எல்போ எல்லாமே ரெண்டு செட். ஹீட்டர் நம்ம ஊர் வெயில் காலத்துல தேவையே இருக்காது, டிசம்பர்ல ஊட்டி கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கு வேணும். கரண்ட் போனா ஓடற பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி வச்சுக்கங்க, ஏசி ரூமைவிட இது முக்கியம். மண்ணு, பாறை எதுவும் வேண்டாம்.

தண்ணி ஒவ்வொரு தடவையும் புதுசா ஆர்ஓ தண்ணியில சால்ட் கலந்ததுதான். மெயின் டேங்க் தண்ணிய எடுத்தீங்கன்னா குட்டிங்களையும் சேத்து எடுக்கறீங்க. லிட்டருக்கு 36-38 கிராம் மாதிரி வரும், 40 லிட்டருக்கு ஒன்றரை கிலோ, நாலு தடவைக்கு 6 கிலோ. முந்தின நாளே கலந்து காத்து ஓட விடுங்க. ரிஃப்ராக்டோமீட்டர்ல (உப்பு அளவு பாக்கற கருவி) பாத்து பழைய தண்ணியும் புதுசும் ஒரே அளவு, ஒரே சூடு இருக்கணும்.

இன்னொண்ணு, பலபேரு மறந்துட்டு 13வது நாள் முழிக்கறது: மாத்தி முடிச்சப்புறம் மீனு எங்க இருக்கும்? மெயின் டேங்க் 76 நாள் காலி. அதனால முதல் நாளே மூணாவதா ஒரு டேங்க்ல புது ஸ்பாஞ்ச் ஃபில்டர், பாட்டில் பாக்டீரியா போட்டு சைக்கிள் (அம்மோனியாவைத் தின்னற பாக்டீரியா வளர்ற வேலை) ஓட விட்டுடுங்க. மெயின் டேங்க் ஸ்பாஞ்சை எடுத்து வைக்கலாமேன்னு தோணும், அதுலதான் கூடு ஒட்டியிருக்கும்.

மூணையும் மெயின் டேங்க்ல இருந்து 3 மீட்டராவது தள்ளி வைங்க, குமிழி தெறிக்கற துளியில கூட போகும்.

ஸ்டெப் 5: மாத்தற வேலை

முதல் நாள் எல்லா மீனையும் புடிச்சு முதல் டப்பாவுல விடுங்க. எல்லான்னா எல்லாமே, புள்ளி இல்லாத டாம்சல் மீனும்தான். ஒரு மீனு உள்ள இருந்தாலும் 76 நாள் கணக்கு செல்லாது. அப்புறம் 4வது நாள் ரெண்டாவது டப்பா, 7வது நாள் திரும்ப முதல் டப்பா, 10வது நாள் ரெண்டாவது, 13வது நாள் அந்த மூணாவது டேங்க்.

சரியா 72 மணி நேரம்னு காத்திருக்காதீங்க, காலையில ஆபீஸ் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் சீக்கிரமாவே மாத்திடுங்க, சீக்கிரம் ஆனா பரவால்ல, லேட்டானா மட்டும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். வலைக்கு பதிலா சமையல்கட்டு ப்ளாஸ்டிக் வடிகட்டி நல்லது, டேங் மீனோட வாலடியில கத்தி மாதிரி முள்ளு இருக்கு, வலையில மாட்டிக்கும், கையையும் கிழிக்கும். பழைய தண்ணிய முடிஞ்ச வரைக்கும் வடிச்சுட்டு மீனை மட்டும் மாத்துங்க.

காலியான டப்பா, ஏர் ஸ்டோன், எல்போ, வடிகட்டி எல்லாத்தையும் ப்ளீச்ல இல்லன்னா வினிகர்ல கழுவி (ரெண்டையும் கலந்துடாதீங்க, விஷ வாயு வரும்) வெயில்ல ஒரு நாள் முழுக்க காய வைங்க. நல்லா காஞ்சாலே கூடு செத்துடும், இந்த விஷயத்துல சென்னை வெயிலை அடிச்சுக்க ஆளே இல்ல. ஏர் ஸ்டோன் உள்ள ஈரம் நிக்கும், மலிவு சாமான்தான், புதுசே போட்டுடுங்க.

ஃபில்டர் இல்லாததால அம்மோனியா ஏறும். சாப்பாட்டை கொஞ்சமா போட்டு மிச்சத்தை உடனே எடுத்துடுங்க, தினமும் டெஸ்ட் பண்ணுங்க, ஏறினா ப்ரைம் (அம்மோனியா விஷத்தைக் கட்டற மருந்து) போடலாம். காப்பர் வைத்தியம் பண்றவங்க மட்டும் ப்ரைம் பக்கமே போகாதீங்க, ரெண்டும் சேந்தா காப்பரோட விஷம் கூடிடும்.

ஸ்டெப் 6: மெயின் டேங்க்

கடைசி மீனை எடுத்த நாள்ல இருந்து 76 எண்ணுங்க. லைட், பம்ப் எப்பவும் போல ஓடட்டும். இறால், நத்தைக்கு சாப்பாடு போடுங்க, பாக்டீரியாவுக்கும் அதுலயே ஏதாவது கிடைச்சுடும். டப்பாவுல விட்ட ஈரக்கையோட இங்க கை வைக்காதீங்க. நடுவுல ஆஃபர்ல வந்துச்சுன்னு புதுசா ஒரு பவளம் வாங்கி உள்ள வச்சா அதோட கல்லுலயும் கூடு இருக்கலாம், திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும்.

ஸ்டெப் 7: வெல்வெட்டா இருந்தா

காத்திருக்க நேரம் இல்ல, அன்னைக்கே மீனை தனி டேங்க்குக்கு மாத்தி காப்பர். அளவு ப்ராண்டுக்கு ப்ராண்டு மாறும். குப்ரமைன்ங்கற ப்ராண்டு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம், காப்பர் பவர் மாதிரி சீலேட் பண்ணது (காப்பரை வேற பொருளோட கட்டி வச்சது) 2 பிபிஎம்முக்கு, அதாவது லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல. ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்கு போட்டா மீன் காலி. அந்தந்த காப்பரை அளக்கற டெஸ்ட் கிட் கையில இல்லாம ஆரம்பிக்காதீங்க, சொட்டு எண்ணி ஊத்தற வேலையே வேண்டாம். மெயின் டேங்க்குக்கு அதே 76 நாள், வெல்வெட்டுக்கு அது தாராளம்.

அடுத்து வாங்கற மீனுக்கும் இதே டப்பா ரொட்டீன்தான். கடையில சுத்தமா இருந்துச்சேன்னு சொல்லாதீங்க, பல கடைகள்ல உப்பைக் குறைச்சோ லேசா காப்பர் போட்டோ வச்சிருப்பாங்க, அதுல அடங்கியிருக்கும். மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல க்ளவுன், டாம்சல் எல்லாம் குஞ்சு பொரிக்க வச்சு வளர்க்கற முறைய உருவாக்கியிருக்காங்க, அந்த மாதிரி வளர்ப்பு மீன் கிடைச்சா நல்லதுதான், ஆனா கடையில காட்டு மீனோட ஒரே தண்ணியில நின்னிருந்தா அதுவும் இதுவும் ஒண்ணுதான். 76 முடிஞ்சு மீனைத் திருப்பி விடும்போது உப்பு அளவை ஒரு தடவை பாத்துக்கங்க, ஆவியாகி ஆவியாகி மெயின் டேங்க்ல ஏறியிருக்கும், ஆர்ஓ தண்ணி ஊத்தி சரி பண்ணிட்டு விடுங்க.