சூடேறும் திங்க்பேட் டி480: திறந்து, துடைத்து, வேகமாக்கும் முறை

அக்கா கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறா. அதற்காகப் பாவித்த திங்க்பேட் டி480 ஒன்று வாங்கினா. மூன்றாம் மாதமே போன் வந்தது: "தம்பி, இதை மடியிலை வைக்கேலாமல் கிடக்கு. எக்செல்லைத் திறந்தாலே ஃபான் இரையுது, பிறகு எல்லாம் இழுபடுது." அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நீங்கள் ஒரே ஞாயிற்றில் முடிக்கலாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

டி480, 2018இல் வந்த ஒப்பீஸ் லேப்டாப். இதை விற்றுவிட்டுப் புதிது வாங்குவோமா என்று அக்கா கேட்டபோது வேண்டாம் என்றேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல் சிப்புகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். அக்காவுடைய டி480 அந்தத் தலைமுறை, அதில் இருப்பது ஐ5-8250யு சிப். போதாததற்கு ரேம் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும், சுழலாத டிஸ்க்), இரண்டு பற்றரி எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை. இப்போது வருகிற மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேமைப் பலகையோடு ஒட்டியே விடுகிறார்கள்.

ஒழுங்கு முக்கியம். முதலில் சூட்டைக் குறையுங்கள், பிறகு ரேமுக்கும் எஸ்எஸ்டிக்கும் காசு போடுங்கள். சிப் 100 பாகை செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். அந்த நிலையில் எவ்வளவு ரேம் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.

திறப்பதற்கு முன்

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, வழக்கமான வேலையைக் கால் மணித்தியாலம் செய்து, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். சிப்புக்குள் கணிக்கும் பகுதிகளான நான்கு கோர்களுக்கும் தனித்தனியே எழுதுங்கள், பின்னால் அது உதவும். கொழும்பில் பின்னேரம் அறையே 30, 31 பாகை இருக்கும். இரவு ஏசியில் அளந்ததையும் மத்தியானம் அளந்ததையும் ஒப்பிட்டால் பிழையான முடிவுக்குத்தான் வருவீர்கள். ஒரே அறை, ஒரே நேரம் பார்த்து அளந்துகொள்ளுங்கள். அக்காவுடையது 97ஐத் தொட்டது.

அடுத்தது பற்றரி. பின்னாலிருக்கும் பற்றரியைக் கழற்றிவிட்டால் கறண்ட் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளே இன்னொன்று இருக்கிறது. லேப்டாப்பை ஓன் பண்ணும்போது எஃப்1 அழுத்தி பயோசுக்குள் (விண்டோசுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புப் பக்கம்) போய், கான்ஃபிக், பவர், அதில் டிஸேபிள் பில்ட்-இன் பற்றரி என்பதைத் தெரிவு செய்யுங்கள். அது தானாகவே அணையும். சார்ஜரைக் கழற்றி, வெளிப் பற்றரியையும் எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் ஆறவிடுங்கள். வேலை முடிந்து சார்ஜரைச் செருகியதும் உள் பற்றரி தானாக உயிர்பெறும்.

அடிமூடியில் ஆறு ஸ்டார் (பிலிப்ஸ்) ஸ்குறூ. அவை மூடியோடேயே நிற்கும், முழுதாக வெளியே வராது, இழுத்துப் பிடுங்க வேண்டாம். ஓரத்தை நெம்ப இரும்பு முனை வேண்டாம், பழைய பிளாஸ்டிக் கார்ட் போதும். முனையில் காந்தம் உள்ள ஸ்குறூட்ரைவர் ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் கூடக் காசு கொடுங்கள். மலிவானது ஸ்குறூத் தலையைத் தின்றுவிடும்.

நம் ஊரில் உடம்பில் சேரும் நிலைமின்னைவிட வியர்வைக்குத்தான் நான் பயம். குனிந்திருக்கும்போது நெற்றியிலிருந்து ஒரு துளி பலகையில் விழுந்தால் போதும். ஒரு துணியை நெற்றியில் கட்டிக்கொள்ளுங்கள். தொடுவதற்கு முன் ஏதாவது நிலத்தொடர்புள்ள உலோகத்தையும் ஒருமுறை தொட்டுவிடுங்கள்.

சூடு எங்கே சிக்கியிருக்கிறது

முதல் ஞாயிறு நான் செய்தது, வெளித்துவாரத்தால் புளோவர் பிடித்துக் காற்றடித்தது மட்டும். தூசி பறந்தது, திருப்தியாக மூடினேன். சூடு இரண்டு பாகைதான் இறங்கியது. காரணம் இரண்டாம் ஞாயிறு ஃபானைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. விசிறி இதழுக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில், சாம்பல் நிறத்தில், பழைய கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம். விரலால் பிடித்து இழுத்தால் அப்படியே பாயைப் போல உரிந்து வந்தது. தூசி, தலைமுடி, கடற்கரைப் பக்கத்து ஈரம் எல்லாம் சேர்ந்து இறுகியது. வெளியிலிருந்து ஊதினால் அது கலையாது, விசிறிப் பக்கமாகத் தள்ளப்பட்டுத் திரும்பவும் வந்து ஒட்டும். கழற்றாமல் சுத்தம் செய்வது இந்த மாடலுக்குச் சரிவராது.

ஃபானின் சின்ன வயர்ச் செருகியை முதலில் கழற்றுங்கள். சிப்பின் சூட்டை வாங்கும் செப்புப் பகுதியான ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்குறூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கும். கழற்றும்போது நான்கிலிருந்து ஒன்றுக்கு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பழைய பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால் மேலே இழுக்காமல், மெல்ல இடம் வலம் அசைத்து எடுங்கள்.

ஐசோபுரோபைல் அல்ககோல் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் சிப்பையும் செப்பையும் கண்ணாடி போலாகும்வரை துடையுங்கள். 99 வீதமானதுதான் என் தெரிவு, தண்ணீர் குறைவு. லேப்டாப் சிப்புக்கு மேலே உலோக மூடி கிடையாது, வெறும் சிலிக்கன். அதனால் சுரண்டக் கூடாது. பேஸ்டில் நான் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பாவிக்கிறேன், மின்சாரம் கடத்தாது, சிந்தினாலும் பயமில்லை. பேஸ்டுக்குப் பதிலாகச் சிலர் பூசும் திரவ உலோகத்தைத் தொடக்கக்காரர் கிட்டவும் எடுக்க வேண்டாம். ஒரு அரிசியளவு வைத்து, சிப் முழுதும் மெல்லியதாகப் பூசுங்கள்.

என்னை நிறுத்தி வைத்த இடம் இதற்குப் பிறகுதான் வந்தது. எல்லாம் பூட்டிப் போட்டுப் பார்த்தால், இரண்டு கோர் 78, ஒன்று 84, மற்றது 95. பேஸ்ட் போலியோ, சிப்பே பழுதோ என்றெல்லாம் யோசித்து இரவு பதினொன்றாகிவிட்டது. திரும்பத் திறந்து ஹீட்சிங்கின் அடியைப் பார்த்தேன். ஒரு மூலையில் பேஸ்ட் தடிப்பாகவே கிடந்தது, எதிர்மூலையில் செப்பு தெரியுமளவுக்கு நசுங்கியிருந்தது. முதல் ஸ்குறூவை ஒரேயடியாக இறுக்கியதால் தட்டு சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. சரியான முறை: நான்கையும் விரல் முனையில் பிடிக்கும்வரை மட்டும் திருகுங்கள். பிறகு 1, 2, 3, 4 என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. திரும்பவும் அதே ஒழுங்கில் அரைச் சுற்று. தானாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். துடைத்துப் புதிதாகப் பூசி இப்படி இறுக்கியதும் நான்கு கோரும் 79க்கும் 83க்கும் இடையில் வந்து நின்றன.

ஓன் பண்ணியதும் "ஃபான் எரர்" என்று எழுதிவிட்டு அணைந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஃபான் வயர்ச் செருகி சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான்.

ரேம், எஸ்எஸ்டி

மூடி திறந்திருக்கும்போதே இதையும் செய்யலாம். டி480க்கு வேண்டியது டிடிஆர்4, லேப்டாப்பில் போடுகிற சின்ன வகை, வேகம் 2400. இரண்டு இடம் இருக்கிறது. அக்காவுடையதில் ஒரு 8 ஜிபிதான் இருந்தது. பழைய ரேமைக் கையில் கொண்டுபோய் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் காட்டி, இன்னொரு 8 வாங்கினேன். ஒரே 16ஐ விட இரண்டு 8 நல்லது, இரு வழியாகவும் ஒரே நேரத்தில் தரவு ஓடும்.

புதிய ரேம் போட்ட பிறகு முதல் தடவை திரை இருட்டாகவே இருக்கும். இயந்திரம் ரேமைப் பழகிக்கொள்கிறது. இரண்டு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள், பவர் பட்டனை அழுத்திக் குழப்ப வேண்டாம்.

எஸ்எஸ்டி வாங்குமுன் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2.5 அங்குலத் தட்டு இருந்தால் 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள சாட்டா வகை எஸ்எஸ்டி, எம்.2 பிடிப்பான் (சின்ன அட்டை வடிவ எஸ்எஸ்டிக்கானது) இருந்தால் அதைவிட வேகமான என்விஎம்இ வகை. பழைய சுழலும் டிஸ்க்கிலிருந்து வருகிறவர்களுக்குச் சாட்டாவே பெரிய மாற்றம்.

விண்டோசும் கடைசி அமைப்புகளும்

8 ஜிபி யூஎஸ்பியில் மைக்ரோசாஃப்ட்டின் கருவியால் விண்டோஸ் 11ஐ ஏற்றி நிறுவுங்கள். தமிழுக்குத் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் அதிலேயே இருக்கின்றன, வேறெதுவும் இறக்க வேண்டாம். பயோஸ் புதுப்பிப்பதானால் சார்ஜரும் செருகி, பற்றரியும் நிறைந்திருக்கும்போது மட்டும். 2022இல் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கறண்ட் போன ஊர் இது. பாதியில் அணைந்தால் இயந்திரம் எழும்பாமலே போகலாம்.

எப்போதும் சார்ஜரில் செருகியே வேலை செய்கிறவர்கள், லெனோவோவின் வான்டேஜ் மென்பொருளில் சார்ஜை 80 வீதத்தில் நிறுத்துங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்துதான் பற்றரியை ஊதவைப்பது. பவர் அமைப்பில் புரொசசரை 99 வீதமாக்கினால் சிப் தற்காலிகமாக வேகத்தைக் கூட்டும் டர்போ நின்று சூடு நன்றாகக் குறையும், வேகமும் சேர்ந்து குறையும். கறண்ட் இல்லாத நேரத்துக்கு மட்டும் நான் அதைப் பாவிக்கிறேன். லேப்டாப்பை மெத்தையில் வைக்காதீர்கள், காற்று இழுக்கும் துவாரம் அடியில்தான் இருக்கிறது.

பிற்சேர்க்கை

இதை வாசித்துச் செய்த ஒரு தங்கச்சிக்கு, எல்லாம் சரியாக வந்து, விண்டோஸ் நிறுவும்போது ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைக் காட்டி அந்தக் கம்பெனி மின்னஞ்சலைக் கேட்டிருக்கிறது. அந்த லேப்டாப்பை முன்பு வைத்திருந்த நிறுவனம் ஓட்டோபைலட்டிலிருந்து (நிறுவனங்கள் தம் கணினிகளைப் பதிந்து கட்டுப்படுத்தும் மைக்ரோசாஃப்ட் சேவை) விடுவிக்கவில்லை. அவர்கள் நீக்கினால்தான் அது முறையாகப் போகும், டிஸ்க் மாற்றியும் பயனில்லை. ஆகவே பாவித்தது வாங்கும்போது கடையிலேயே இரண்டு விஷயம் பாருங்கள். எஃப்1 அழுத்தி பயோசுக்குள் போங்கள், பயோசைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்டால் வாங்காதீர்கள், அதை நீக்க எளிய வழி கிடையாது. பிறகு விண்டோசை முதலிலிருந்து ரீசெட் செய்து, இணையத்தோடு இணைத்து, யாருடைய பெயரும் வராமல் கணக்குத் திறக்கும் பக்கம்வரை போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலம் ஆகும். அதுவரை அங்கேயே இருங்கள், காசு அதற்குப் பிறகு.