இன்வர்ஸ் ஃபங்ஷன் நடத்த ஆட்டோ மீட்டர் போதும்

பி.யூ.சி. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) பிள்ளைகளுக்கு இன்வர்ஸ் ஃபங்ஷன், அதாவது ஒரு கணக்கை விடையிலிருந்து திருப்பிப் போடுகிற பாடம், எடுக்கப் போகிறீர்களா? முதல் நாளே 'எக்ஸையும் ஒய்யையும் மாற்றிப் போடு, அப்புறம் ஒய்யைத் தனியாக்கு' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் கணக்கு வரும், மார்க்கும் வரும், ஆனால் எதற்காக மாற்றினாய் என்று கேட்டால் முழிப்பார்கள். அந்த விதி கடைசியில் வரட்டும். முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: விடையைச் சொன்னால், எதிலிருந்து கிளம்பினோம் என்று கண்டுபிடிக்க முடியுமா?

அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டோவைப் பற்றி நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து பெங்களூரில் மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18 ரூபாய். மீட்டர் போடுகிற ஆட்டோ கிடைப்பதே பெரிய விஷயம், கிடைத்தாலும் 'மீட்டருக்கு மேல இருபது குடுங்க' என்பார்கள். அந்த இருபதை விட்டுவிடாதீர்கள், நமக்கு அது வேண்டும். வெயிட்டிங் சார்ஜை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

36 என்பது இரண்டு 18 என்பதால், 2 கிலோமீட்டரோ அதற்கு மேலோ போனால் கணக்கு சுலபம்: தூரத்தை 18-ஆல் பெருக்கு, 20 கூட்டு. 5 கிலோமீட்டர் என்றால் 90, கூட 20, மொத்தம் 110. இப்போது திருப்பிக் கேளுங்கள்: 110 ரூபாய் கொடுத்தேன், எவ்வளவு தூரம் போனேன்? சிலர் பெருக்கலைத்தானே முதலில் செய்தோம் என்று 110-ஐ 18-ஆல் வகுத்துவிட்டு, அப்புறம் 20-ஐக் கழிப்பார்கள். தடுக்காதீர்கள், செய்து முடிக்கட்டும். மைனஸில் ஒரு தூரம் வரும், வகுப்பே சிரிக்கும். கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்வதற்குள் யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

அடுத்த கேள்வியில்தான் பாடமே இருக்கிறது, இங்கே அவசரப்படாதீர்கள். 56 ரூபாய் கொடுத்தேன், எவ்வளவு தூரம்? '2 கிலோமீட்டர் சார்' என்று உடனே பதில் வரும். அரை கிலோமீட்டர் போனால் எவ்வளவு கேட்பார்கள்? அதுவும் 56. ஒன்றரைக்கும் 56-தான். 'அப்ப ரெண்டுக்குள்ள எங்க வேணா இறங்கியிருக்கலாமே சார்' என்று ஒருவன் சொன்னால், அந்த இடத்தில் பாடம் இறங்கிவிட்டது. பல தூரத்துக்கு ஒரே கட்டணம் என்றால் திரும்பி வர வழியில்லை. 'ஒன்றுக்கு ஒன்று' என்ற நிபந்தனை இதுதான். 2 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டால் வழி கிடைத்துவிடுகிறது. கூடவே இதையும் கேளுங்கள்: 40 ரூபாய் கொடுத்தால்? அப்படி ஒரு கட்டணமே கிடையாது. இன்வர்ஸுக்குள் 56-லிருந்துதான் எண்களை அனுப்ப முடியும். முன்னால் வெளியே வந்தவைதான் இப்போது உள்ளே போகின்றன, அவ்வளவுதான் டொமைனும் ரேஞ்சும் இடம் மாறுவது.

இதே கண்ணோடு வர்க்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 3-க்கும் 9, மைனஸ் 3-க்கும் 9. மைனஸ் எண்களை ஒதுக்கியதால்தான் வர்க்கமூலம் ஒரே விடை தருகிறது. மைனஸ் 3-ஐ வர்க்கப்படுத்தி மூலம் எடுத்தால் 3-தான் வரும், கிளம்பிய இடம் வராது. மும்மடிக்கு இந்தத் தொல்லை இல்லை. கிராஃப் மேல் ஸ்கேலைப் படுக்கையாக வைத்து மேலும் கீழும் நகர்த்தினால் தெரிந்துவிடும், ஸ்கேல் எங்காவது கோட்டை இரண்டு இடத்தில் தொட்டால் இன்வர்ஸ் கிடையாது. சைன் 30 டிகிரியும் சைன் 150 டிகிரியும் அரைதான், அதனால்தான் சைன் இன்வர்ஸை மைனஸ் 90-லிருந்து 90 வரை என்று கட்டிப் போட்டிருக்கிறார்கள். இதை மனப்பாடமாகவே படித்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

ஃபங்ஷனை எஃப் என்று எழுதினால், அதன் இன்வர்ஸைக் குறிக்க எஃப் தலையில் உட்கார்ந்திருக்கும் மைனஸ் ஒன்று பிள்ளைகளைக் குழப்பாமல் விடாது. சைன் இன்வர்ஸை அப்படி எழுதும் வழக்கத்தை 1813-ல் கொண்டுவந்தவர் ஆங்கிலேய அறிஞர் ஜான் ஹெர்ஷல், திட்டுவதானால் அவரைத் திட்டலாம். அடுக்குக்குறி பழக்கத்தில் 'ஒன்றின் கீழ் எஃப்' என்று எழுதிவிடுவார்கள். எண்ணைப் போட்டுக் காட்டுங்கள்: 110-க்கு இன்வர்ஸ் 5 கிலோமீட்டர், ஒன்றின் கீழ் 110 என்பது எந்த ஊர் தூரம்?

இனி எக்ஸையும் ஒய்யையும் மாற்றலாம். ஆட்டோ கணக்கில் மாற்றவே தேவையில்லை, மாற்றினால் ரூபாய் கிலோமீட்டராகிவிடும். இரண்டு கிராஃபையும் ஒரே தாளில் வரையத்தான் மாற்றுகிறோம். பட்டர் பேப்பரில் அச்சுகளோடு அழுத்தமாக வரைந்து, வலது மேல் மூலையையும் இடது கீழ் மூலையையும் பிடித்தபடி தாளைப் புரட்டச் சொல்லுங்கள். படுத்த அச்சு நிமிரும், நின்ற அச்சு படுக்கும், பின்பக்கம் தெரிகிற கோடுதான் இன்வர்ஸ்.

வீட்டுக்கணக்குக்கு ராத்திரி கட்டணத்தைக் கொடுங்கள். 10 மணிக்கு மேல் மீட்டரில் ஒன்றரை மடங்கு, அதற்கு மேல் அதே 20. 155 ரூபாய் கொடுத்தவர் எவ்வளவு தூரம் போனார்? இருபதையும் சேர்த்து ஒன்றரை மடங்காக்கியிருந்தால் இதே 155-க்கு விடை என்னவாகும் என்பதையும் போட்டு வரச் சொல்லுங்கள்.