ஆங்கிலேயப் பட்டங்களைப் பிரித்துப் படிப்பது எப்படி?

தமிழ் வரலாற்று நூல்களில் கார்ன்வாலிஸ் பிரபு, டல்ஹவுசி பிரபு, கர்சன் பிரபு என எல்லோரும் பிரபுக்களாகவே வருவார்கள். இந்தியாவுக்கு வந்தபோது முதல் இருவரும் ஏர்ல், கர்சனோ அதைவிடத் தாழ்ந்த பாரன். 'பிரபு' என்ற ஒற்றைச் சொல் இந்த ஏற்றத்தாழ்வை மறைத்துவிடுகிறது. ஒரு பட்டத்தைப் பார்த்ததும் மூன்றைக் கவனியுங்கள்: சொல் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டில் எழுதப்பட்டது, அதன் பின்னால் நிற்பது எந்தப் பெயர்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'லார்ட்' என்பதன் பழைய ஆங்கில வடிவம் 'ஹ்லாஃப்வெயர்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி (இன்றைய 'லோஃப்'). வெயர்ட் என்றால் காவலர். ரொட்டியைக் காத்துப் பங்கிடுபவரே லார்ட். 'லேடி'யின் பழைய வடிவத்திலும் அதே ரொட்டி இருக்கிறது. அதற்கு மாவு பிசைபவள் என்று பொருள். வீட்டை அண்டிப் பிழைத்தவருக்கு 'ரொட்டி உண்பவர்' என்று பெயர். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல்லை அறிந்த நமக்கு இந்த உறவை விளக்கவே வேண்டாம். மேலே இருப்பவர் சோறு போடுவார், உண்டவர் அவருக்காக நிற்பார்.

'கிங்' பழைய 'க்யுனிங்'. அதிலுள்ள 'க்யுன்' குலத்தைக் குறிக்கும். 'குவீன்' தொடக்கத்தில் பெண், மனைவி என்ற பொருளிலும் வழங்கியது. 'நைட்' பழைய 'க்னிஹ்ட்'. சிறுவன், பணியாள் என்று பொருள். இன்று எழுத்தில் மட்டும் இருக்கும் முதல் 'க்' அப்போது ஒலித்தது. 'ஷெரிஃப்' என்பது ஷயர் (மாவட்டம்), ரீவ் (அதிகாரி) ஆகிய இரண்டும் சேர்ந்தது.

பழைய சொல்லுக்கு இன்றைய பொருளைக் கொடுப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. 978 முதல் 1016 வரை (இடையில் சிறிது காலம் நீங்கலாக) இங்கிலாந்தை ஆண்ட எதெல்ரெட்டை 'அன்ரெடி' என்பார்கள். 'தயாராகாதவர்' என்று மொழிபெயர்த்தால் தவறு. 'ரேட்' என்றால் ஆலோசனை. எதெல்ரெட் 'உயர்ந்த ஆலோசனை', அன்ரேட் 'கெட்ட ஆலோசனை'. பெயரையே திருப்பிப் போட்ட சிலேடை இது. அவர் இறந்து நூறாண்டுக்கும் மேலான பிறகே எழுத்தில் பதிவானது.

அடுத்து ஆண்டு. மேலிருந்து கீழாக வரிசை இது: டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன். ('பேரன்' என்று எழுதாதீர்கள், மகனின் மகனாகிவிடும்.) இவற்றில் ஏர்ல் மட்டுமே பழைய ஆங்கிலச் சொல். அதற்குப் பெண்பால் இல்லாததால் ஏர்லின் மனைவி பிரெஞ்சு வழிச் சொல்லான 'கவுண்டஸ்' ஆனார். டியூக் பட்டம் இங்கிலாந்துக்கு 1337இல்தான் வந்தது, மார்க்விஸ் 1385இல், வைகவுண்ட் 1440இல். ஆகவே பதினோராம் நூற்றாண்டு லத்தீன் ஆவணத்தில் 'விகெகோமெஸ்' என்று கண்டால் வைகவுண்ட் என்று எழுதாதீர்கள். அங்கே அது ஷெரிஃபைக் குறிக்கும்.

ஒரே மனிதரின் பட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் போரிட்டவர் கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி. 1804இல் சர் ஆர்தர், 1809இல் வைகவுண்ட் வெல்லிங்டன், 1812இல் முதலில் ஏர்ல், அதே ஆண்டு மார்க்விஸ், 1814இல் டியூக். நீலகிரியின் வெல்லிங்டன் ஊர் இவர் பெயரில் உள்ளது. அதே 1799இல் அவருடைய அண்ணன் ரிச்சர்ட் கவர்னர் ஜெனரல். அப்போது மார்னிங்டன் ஏர்ல், அந்த ஆண்டின் இறுதியில் மார்க்விஸ் வெல்லெஸ்லி. அதனால் 'லார்ட் மார்னிங்டன்', 'லார்ட் வெல்லெஸ்லி' இருவரும் ஒருவரே. 'கர்னல் வெல்லெஸ்லி' அவருடைய தம்பி. குறிப்பெடுக்கும்போது பட்டத்துக்குப் பக்கத்தில் ஆண்டையும் எழுதிவைத்தால் இந்தக் குழப்பம் வராது.

கடைசியாகப் பெயர். 'சர்' சொந்தப் பெயரோடு சேரும்: சர் ஐசக் நியூட்டன், சுருக்கினால் சர் ஐசக். 'சர் நியூட்டன்' என்பது பிழை. 'சர்' என்பதை மட்டும் வைத்து அவர் நைட்டா, பாரனெட்டா என்று சொல்ல முடியாது. நைட் பட்டம் அவரோடு முடிந்துவிடும். 1611இல் முதலாம் ஜேம்ஸ் ஏற்படுத்திய பாரனெட் பட்டம் வாரிசுக்குப் போகும். 1999க்கு முந்தைய எழுத்துகளில் 'லார்ட்' குடும்பப் பெயரோடோ இடப்பெயரோடோ வந்தால் பெரும்பாலும் பிரபுக்கள் அவையில் இடமிருந்தவர் என்று எடுத்துக்கொள்ளலாம். சொந்தப் பெயரோடு சேர்ந்து வந்தால் டியூக்கின் அல்லது மார்க்விஸின் இளைய மகன். அது மரியாதைக்காக வழங்கும் அடைமொழி மட்டுமே. மார்ல்பரோ டியூக்கின் மகனான லார்ட் ராண்டால்ஃப் சர்ச்சில் அப்படிப்பட்டவர். 1885இல் பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சரானபோதும் அவர் பிரிட்டிஷ் மக்களவை உறுப்பினர்தான். அவரை 'சர்ச்சில் பிரபு' என்று எழுதக் கூடாது.